பிங் போகிறது, புள்ளி வரவில்லை: நெட்வேர்க் செய்முறைப் பரீட்சையில் இலக்கங்கள் செய்யும் குழப்பம்

கல்லடியில் ஒரு மேல்மாடி அறையில் சனி, ஞாயிறுகளில் நெட்வேர்க் வகுப்பு நடத்துகிறேன். 12 மேசை. ரவுட்டர்கள் பெரும்பாலும் கொம்பியூட்டருக்குள் ஓடும் மெய்நிகர்ப் பெட்டிகள். தொட்டுப் பழக மேசைக்கு ஒரு பழைய சிஸ்கோ சுவிட்சும் ஒரு ரவுட்டரும் உண்டு. சிஸ்கோவின் அடிப்படைச் சான்றிதழான சிசிஎன்ஏ முடித்துவிட்டு அதற்கு மேலே செய்முறைப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் ஆரையம்பதியில் இருந்தும் களுவாஞ்சிகுடியில் இருந்தும், அக்கரைப்பற்றில் இருந்துகூட பஸ் பிடித்து வருவார்கள். மாதத்துக்கு ஒரு மாதிரிப் பரீட்சை. திருத்த உட்கார்ந்தால் எனக்கு வரும் எரிச்சல் எப்போதும் ஒன்றுதான்: ரவுட்டிங் தெரியாமல் புள்ளி இழந்தவர்கள் கொஞ்சப் பேர், முதல் பக்கத்தை ஒழுங்காக வாசிக்காமல் இழந்தவர்கள் மிச்சப் பேர்.

அந்த முதல் பக்கத்தில்தான் இலக்கங்களை எப்படி வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அதில் தவறினால் பிழை அங்கே தெரியாது. இரண்டு மணித்தியாலம் கழித்து வேறெங்கோ தலையைக் காட்டும். ஆகவே தலையைக் காட்டும் இடத்தில் இருந்தே பின்னோக்கிப் போகிறேன்.

முதலில் அந்தப் பக்கம்

வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்று, மேசை மட்டும் வேறு. அதனால் முகவரியில் ஓர் இடத்தில் இலக்கத்துக்குப் பதில் ஆங்கில எழுத்தைப் போட்டு, அதன் பெறுமதி என்ன என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். சிஸ்கோவின் உயர்மட்டச் சான்றிதழான சிசிஐஈயின் பழைய பயிற்சித் தாள்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. இரண்டு வை என்றால் ரேக் (பெட்டிகள் அடுக்கிய தட்டு) இலக்கம், எக்ஸ் என்றால் ரவுட்டர் இலக்கம், இரண்டு பி என்றால் பாக்போன் (பொதுவான முதுகெலும்பு நெட்வேர்க்) இலக்கம். 150.பிபி.வைவை.254 என்று இருந்தால், 7ஆம் ரேக்கில் இருப்பவருக்கு முதலாவது பாக்போன் 150.1.7.254. என் மாதிரித் தாளும் அதே வழியில்தான் போகும். வைவை என்று கண்டால் உன் மேசை இலக்கத்தை அதில் வை, அவ்வளவுதான் என்று வகுப்பில் சொல்வேன். சிரிப்பார்கள். பிறகு பிழை விடுவார்கள்.

என் தாளின் தலைப்பகுதி இப்படி இருக்கும்:

வைவை: மேசை இலக்கம், இரண்டு இலக்கத்தில். 7ஆம் மேசை என்றால் 07.
எக்ஸ்: ரவுட்டர் இலக்கம். ஆர்1 என்றால் 1.
லூப்பேக் 0: வைவை.வைவை.எக்ஸ்.எக்ஸ்/32
இரு ரவுட்டர்களுக்கு இடையே: 10.வைவை.சிறியதுபெரியது.எக்ஸ்/24
வீலேன்: 1வைவை
பாஸ்வேர்ட்: கிழக்குவைவை

7ஆம் மேசையில் இருப்பவர் ஆர்1க்கும் ஆர்2க்கும் இடையே போட வேண்டியது 10.7.12.1, 10.7.12.2. ஆர்1இன் லூப்பேக், அதாவது கேபிள் இல்லாமல் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் வாசல், 7.7.1.1. வீலேன், அதாவது சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வேர்க், 107. பாஸ்வேர்ட் கிழக்கு07. கவனித்தீர்களா, அதே வைவை ஓரிடத்தில் 7 ஆகவும் ஓரிடத்தில் 07 ஆகவும் நிற்கிறது.

இங்கேதான் நான் பிடித்துக்கொள்ளச் சொல்லும் கேள்வி வருகிறது. ஓர் இலக்கத்தைக் கண்டால், இது பெயரா, அளவா, இடமா? தொலைபேசி இலக்கம் பெயர். அதைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. நாலு கிலோ அரிசி அளவு. மூன்றாம் குறுக்கு என்பது இடம், எந்த முனையில் இருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. நெட்வேர்க்கில் இந்த மூன்றும் ஒரே உடுப்புப் போட்டுக்கொண்டு வருகின்றன. வீலேன் 107 பெயர். சப்நெட் மாஸ்க், அதாவது நெட்வேர்க் துண்டு எவ்வளவு பெரியது என்று சொல்வது, அளவு. 0/0/1 என்ற போர்ட் இலக்கம் இடம். ஒன்றை மற்றதாக நினைத்தால் கீழே வரும் அறிகுறிகள் எல்லாம் வரிசையாக வரும்.

அறிகுறி: பூச்சியம் வைத்த முகவரிக்கு ஒரு மேசையில் பிங் போகிறது, அடுத்த மேசையில் போகவில்லை

இதை முதன்முதல் கண்டபோது நானே அரை மணி நேரம் கேபிளைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். 7ஆம் மேசைத் தம்பி லினக்ஸ் பெட்டியில் இருந்து பிங், அதாவது மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளையை, 10.07.12.1 என்று பூச்சியத்தோடு அடித்தான், பதில் வந்தது. பக்கத்தில் 8ஆம் மேசையில் 10.08.12.1 என்று அடித்தால் அப்படி ஒரு பெயரே தெரியாது என்கிறது. முகவரி கொடுத்தால் பெயர் தெரியாது என்று ஏன் சொல்ல வேண்டும்?

லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் பிங் போன்ற கட்டளைகள் பூச்சியத்தில் தொடங்கும் இலக்கத்தை எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக வாசிக்கும். எட்டடி எண்ணில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 07 என்றால் ஏழுதான், அதனால் ஒன்று முதல் ஏழாம் மேசை வரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. 08 என்று ஓர் எண்ணே அந்த முறையில் கிடையாது. லினக்ஸ் பெட்டி பார்க்கிறது, இது முகவரி இல்லை, ஏதோ கணினியின் பெயர் போலிருக்கிறது என்று பெயர் தேடப் போகிறது. 10ஆம் மேசைக்குப் போனால் முன்னால் பூச்சியமே இல்லை, மறுபடி சரியாகிவிடும். ஆக 8உம் 9உம்தான் பாவப்பட்ட மேசைகள்.

மூன்று இலக்கமாக எழுதுபவர்களுக்கு இதைவிட மோசம். 192.168.010.1 என்று அடித்தால் பிழைச் செய்தியே வராது, போவது 192.168.8.1க்கு. அங்கே யாராவது இருந்து பதில் சொல்லிவிட்டால் நீங்கள் சரியென்றே நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள்.

தீர்வு: முகவரியில் முன் பூச்சியம் ஒருபோதும் வேண்டாம். 065 என்பது மட்டக்களப்பின் குறியீடு. வெளிநாட்டில் இருக்கும் மாமா அழைக்கும்போது அந்தப் பூச்சியத்தை விட்டுவிட்டு 94 65 என்றுதானே அடிக்கிறார். கல்முனைக்கு 067, அம்பாறைக்கு 063, எல்லாம் அதே கதை. ஆனால் பாஸ்வேர்டிலும் ரவுட்டர் பெயரிலும் அந்தப் பூச்சியம் ஓர் எழுத்து, அதை விட்டால் பாஸ்வேர்ட் வேறு. வீலேன் 1வைவையில் அது இடம்பிடித்துக்கொண்டு நிற்கிறது. எடுத்தால் 107 போய் 17 ஆகிவிடும். வீலேன் 17 போட்டவரின் தாளை நான் திருத்தியிருக்கிறேன். அவருடைய சுவிட்சுக்குள் எல்லாம் அழகாக வேலை செய்தது, சுவிட்சுகளை இணைக்கும் ட்ரங்கின் மறுமுனையில் இருந்த 107ஓடு மட்டும் பேசவில்லை.

அறிகுறி: முதல் ஒன்றுக்குச் சரி, மிச்சத்துக்குப் பிழை

இது என் பிழை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு மாதம் தாள் தயாரிக்கும்போது 'ஒவ்வொரு ரவுட்டருக்கும் வீலேன் 100எக்ஸ்' என்று எழுதிவிட்டேன். நான் மனதில் நினைத்தது 100உடன் எக்ஸைக் கூட்டுவது: 101, 102, 103. பிள்ளைகள் வாசித்தது ஒட்டுவது: 1001, 1002, 1003. அவர்கள் வாசித்ததுதான் சரி, தாளில் கூட்டல் குறியே இல்லையே.

1001 எல்லா மேசையிலும் வந்தது. 1002இல் இருந்து எல்லா மேசையிலும் கூச்சல். ஏனென்றால் சிஸ்கோ சுவிட்சுகளில் 1002 முதல் 1005 வரை டோக்கன் ரிங், எஃப்டிடிஐ என்ற பழைய தொழில்நுட்பங்களுக்காக ஒதுக்கிக் கிடக்கின்றன. ஷோ வீலேன் அடித்தால் அவை ஏற்கனவே அங்கே இருக்கும், பக்கத்தில் 'அன்சப்' என்று போட்டிருக்கும். ஈதர்நெட்டுக்கு அவை உதவாது. சரி, ஆர்6க்கு 1006 போடலாம் என்று பார்த்தால் அது நீட்டிய வரம்பு. வீலேன் பட்டியலைச் சுவிட்சுகளுக்கிடையே பகிரும் விடிபியின் முதலாம், இரண்டாம் பதிப்பில் சுவிட்ச் சேர்வர் நிலையில் இருந்தால் அதை உருவாக்க விடாது. டிரான்ஸ்பேரன்ட் நிலைக்கு மாற்றினால் 1006 முதல் 4094 வரை கிடைக்கும்.

ஒட்டுவதா கூட்டுவதா என்ற குழப்பத்துக்கு நம்முடைய அடையாள அட்டையே நல்ல பாடம். பிறந்த நாள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது அதில் மூன்று இலக்கமாக இருக்கும், பெண் என்றால் அதோடு 500 கூடும். 32ஆம் நாள் பிறந்த பெண்ணுக்கு 532. இதை மட்டும் பார்த்தால் முன்னால் 5ஐ ஒட்டியது போலத்தான் தெரியும். 120ஆம் நாள் பிறந்தவளுக்கு 620 என்று பார்க்கும்போதுதான் அது கூட்டல் என்று விளங்கும். தாளிலும் அப்படித்தான்: சிறிய இலக்கத்தில் ஒட்டலும் கூட்டலும் ஒன்றாகத் தெரியும். பெரிய ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எக்ஸுக்கு 10 போட்டால் 10எக்ஸ் என்பது 1010, 100 கூட்டல் எக்ஸ் என்பது 110.

தாளில் தெளிவில்லை என்றால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். விடையைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். இது ஒட்டலா கூட்டலா என்று கேட்பது விடை கேட்பதில்லை, தாளை விளங்கிக்கொள்ளக் கேட்பது. எங்கள் பிள்ளைகளுக்கு எழும்பிக் கேட்க ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் புள்ளியைத் தின்னும்.

அறிகுறி: 'டூப்ளிகேட் அட்ரஸ்' என்று கன்சோலில் ஓடிக்கொண்டே இருக்கிறது

உங்கள் முகவரி வேறொருவரிடமும் இருக்கிறது. பயிற்சியில் 4ஆம் மேசையில் இருந்து பழகி, கட்டளைகளை நோட்பேட்டில் சேர்த்து வைத்து, பரீட்சையில் 7ஆம் மேசையில் அதே மாதிரியை மனதில் இருந்து அடித்திருப்பீர்கள். கை பழகிய இலக்கத்தை அடிக்கும், கண் அதைப் பார்த்தும் விட்டுவிடும்.

திருத்தும்போது ஒரு பொறி உண்டு. இன்டர்பேஸில் புதிய முகவரியைப் போட்டால் பழையது தானாகப் போய்விடும். ஆனால் கையால் பாதை எழுதும் ஐபி ரூட் வரி, ரவுட்டர்கள் தமக்குள் பாதைகளைப் பரிமாறும் முறைகளான ஓஎஸ்பிஎஃப்பின் நெட்வேர்க் வரி, பிஜிபியின் நெய்பர் வரி அப்படியல்ல. புதியது பக்கத்தில் வந்து குந்தும், பழையது அப்படியே கிடக்கும். நோ என்று முன்னால் போட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பெட்டியில் இப்போது உள்ள வரிகளைக் காட்டும் ஷோ ரன் கட்டளையோடு, தேடும் சொல் உள்ள வரியை மட்டும் காட்டும் இன்க்ளூட் சேர்த்துப் பழைய மேசை இலக்கத்தைத் தேடுங்கள். ஒரு வரிகூட வராத வரைக்கும் வேலை முடியவில்லை.

அறிகுறி: அப்படி ஓர் இன்டர்பேஸே இல்லை என்கிறது

கல்லடி ஒழுங்கைகளில் வீட்டு இலக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். 14 என்று ஒரு வளவு இருக்கும். மூத்த மகளுக்குச் சீதனமாக ஒரு துண்டைப் பிரித்து வீடு கட்டிக் கொடுத்தால் அது 14/1, இளையவளுக்கு 14/2. அந்தத் துண்டையும் பிரித்தால் 14/2/1. இன்டர்பேஸ் இலக்கமும் அதே வழக்கம்தான்: பெரிய வளவு முதலில், துண்டு பிறகு, வாசல் கடைசியில். பல ரவுட்டர்களில் 0/0/1 என்றால் பூச்சியமாம் ஸ்லொட், அதற்குள் பூச்சியமாம் துணை ஸ்லொட், அதில் 1 என்று எழுதிய போர்ட்.

தகராறு எங்கிருந்து எண்ணுவது என்பதில். சிஸ்கோ ரவுட்டர்கள் பெரும்பாலும் பூச்சியத்தில் தொடங்கும், அதனால் 0/0/1 என்பது இரண்டாவது வாசல். அடுக்கிப் பூட்டக்கூடிய சுவிட்சுகளில் 1/0/1 என்பது முதல் வாசல்; அங்கே முன்னால் நிற்கும் 1 ஸ்லொட் அல்ல, அடுக்கில் எத்தனையாவது சுவிட்ச் என்பது. ஜூனிப்பர் போர்ட்டையும் பூச்சியத்தில் இருந்தே எண்ணும். 'இரண்டாவது போர்ட்டில் பூட்டுக' என்று தாளில் எழுதியிருந்தால் பெட்டியில் அச்சடித்த இலக்கத்தையும் படத்தில் உள்ள இலக்கத்தையும் ஒத்துப் பாருங்கள். படத்தில் இருப்பதே சட்டம்.

தீர்வு சின்னது. எந்தப் பெட்டியைத் தொட்டாலும் முதல் கட்டளை ஷோ ஐபி இன்டர்பேஸ் ப்ரீஃப். அதில் இருக்கும் பெயர்களைக் கொப்பியில் எழுதிவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். தொலைவில் இருந்து உள்நுழைவதற்கான லைன் விடிவை 0 4 என்பது நாலு லைன் அல்ல, ஐந்து என்பதும் இதே கணக்குத்தான்.

எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் இந்தப் பரீட்சைக்கே ஒரு குறும்பு உண்டு. 1993இல் தொடங்கிய சிசிஐஈயில் சித்தியடைந்தவர்களுக்குக் கொடுத்த இலக்கம் 1இல் தொடங்கவில்லை. 1024 பரீட்சை நடந்த லெப்புக்கே கொடுக்கப்பட்டது. பரீட்சையை உருவாக்கிய ஸ்டுவர்ட் பிக்ஸ் 1025, சிஸ்கோவுக்கு வெளியே இருந்து முதலில் சித்தியடைந்த டெரி ஸ்லாட்டரி 1026. இரண்டின் பத்தாம் அடுக்கில் தொடங்கினால்தான் நெட்வேர்க்காரருக்கு மனம் ஆறும் போல.

அறிகுறி: ஓஎஸ்பிஎஃப் பக்கத்து ரவுட்டர் வரவே இல்லை

பதறியவுடன் பிள்ளைகள் மாற்றுவது ப்ரோசஸ் இலக்கத்தை. 'ஆர்1இல் 1, ஆர்2இல் 2 என்று இருக்கு சேர், அதுதான் போலிருக்கு.' அல்ல. ஓஎஸ்பிஎஃப்பில் ப்ரோசஸ் இலக்கம் அந்த ரவுட்டருக்குள் மட்டும் வழங்கும் செல்லப் பெயர், வெளியே யாருக்கும் தெரியாது. பழையதை அழிக்காமல் புதிய இலக்கத்தில் இன்னொன்றைத் தொடங்கினால் இரண்டு ப்ரோசஸ் ஓடும், குழப்பமும் இரட்டிப்பாகும்.

ஒத்திருக்க வேண்டியது ஏரியா இலக்கம், அதாவது ஓஎஸ்பிஎஃப் நெட்வேர்க்கைப் பிரித்த பகுதியின் இலக்கம். அது வேறுபட்டால் கன்சோலிலேயே 'மிஸ்மேச் ஏரியா' என்று வரும். இதிலும் ஒரு வேடம் உண்டு: ஏரியா 10ஐ 0.0.0.10 என்றும் எழுதலாம், இரண்டும் ஒன்று. ஆனால் ஏரியா 256 என்பது 0.0.1.0. தாளில் புள்ளி வைத்து எழுதியிருந்தால் திருத்துபவர் அப்படியே எதிர்பார்க்கலாம், அப்படியே போடுங்கள்.

இன்னொரு ரவுட்டிங் முறையான ஈஐஜிஆர்பிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ரவுட்டர் ஈஐஜிஆர்பி என்பதற்குப் பின்னால் வரும் இலக்கம் ஏஎஸ் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள நெட்வேர்க்) இலக்கம், இரு பக்கமும் ஒத்திருக்கத்தான் வேண்டும். எழுதும் இடம் ஒன்று, தோற்றம் ஒன்று, வேலை வேறு. இதைவிடக் குழப்பமான வடிவமைப்பை யாரும் வேண்டுமென்று செய்ய முடியாது.

பிஜிபியில் ஏஎஸ் இலக்கம் 65546 என்று தாளில் இருந்து, ரவுட்டர் 1.10 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். 65536ஐ ஒன்று என்று வைத்து மிச்சத்தைப் புள்ளிக்குப் பின்னால் எழுதுகிறது. அவ்வளவுதான்.

அறிகுறி: நான் போட்டது ஒன்று, ரவுட்டர் காட்டுவது வேறு

சுவிட்சுகளுக்கிடையே வளையம் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் வீலேன் 107க்கு ப்ரையோரிட்டி 24576 என்று போட்டுவிட்டு ஷோ ஸ்பானிங் ட்ரீ பார்த்தால் 24683 என்று நிற்கும். திரும்பத் திரும்ப அழித்து அழித்துப் போட்ட ஒருவனைப் பார்த்து நான் சிரித்ததும் உண்டு, பாவப்பட்டதும் உண்டு. சுவிட்ச் உங்கள் இலக்கத்தோடு வீலேன் இலக்கத்தைக் கூட்டிக் காட்டுகிறது: 24576உம் 107உம் 24683. இதே காரணத்தால்தான் ப்ரையோரிட்டியை 4096இன் மடங்காக மட்டும் போட விடுகிறது. 20000 என்று போட்டால் மறுக்கும், பொருந்தும் இலக்கங்களின் பட்டியலையும் அதுவே காட்டும்.

இந்த இலக்கம் அளவு, ஆகவே பெரியது வெல்லுமா சிறியது வெல்லுமா என்பது அடுத்த சிக்கல். ஸ்பானிங் ட்ரீயில் சிறியது ரூட், அதாவது தலைமைச் சுவிட்ச், ஆகும். ஒரு ரவுட்டர் விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும் எச்எஸ்ஆர்பியில் பெரியது செயலில் இருக்கும். ஒன்றும் போடாவிட்டால் 100. ஓஎஸ்பிஎஃப்பில் டிஆர், அதாவது ஒரு நெட்வேர்க்கின் தலைமை ரவுட்டர், தேர்வுக்கும் பெரியதுதான். ஒன்றும் போடாவிட்டால் 1, பூச்சியம் போட்டால் அந்த ரவுட்டர் போட்டிக்கே வராது. மூன்றையும் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைக்கச் சொல்வேன்.

அறிகுறி: பாதிப் பேருக்குப் போகிறது, பாதிப் பேருக்குப் போகவில்லை

மாஸ்க்கைப் பாருங்கள். /27 என்றால் 32 முகவரிகள் கொண்ட துண்டுகள்: 0, 32, 64, 96 என்று போகும். இதற்கு வைல்ட்கார்ட், அதாவது மாஸ்க்கின் தலைகீழ், 0.0.0.31. கை பழகி 0.0.0.255 என்று, யாரை விடுவது யாரைத் தடுப்பது என்று சொல்லும் அக்சஸ் லிஸ்டில் அடித்தால் நீங்கள் தடுக்க நினைத்தவரோடு அயலாரும் தடுக்கப்படுவார்கள்.

தாளில் 'மூன்றாவது சப்நெட்டின் கடைசி முகவரி' என்று கேட்டால் ஒரு கணம் நில்லுங்கள். 0இல் தொடங்குவதை முதலாவது என்று எண்ணினால் மூன்றாவது 64 முதல் 95 வரை, கடைசியாகப் பாவிக்கக்கூடியது 94. பழைய புத்தகத்தில் படித்த சிலர் பூச்சியத் துண்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அவர்களுக்கு விடை 126 வரும். அந்த வழக்கம் 1990களிலேயே காலாவதியாகிவிட்டது, சிஸ்கோவின் 12.0 பதிப்பில் இருந்து பூச்சிய சப்நெட் தானாகவே அனுமதிக்கப்படுகிறது. 94தான் எழுதுங்கள்.

அக்சஸ் லிஸ்டுக்கே இலக்கம்தான் குணம். 1 முதல் 99 வரை சாதாரணம், போகும் இடத்தை எழுத விடாது. 100 முதல் 199 வரை விரிவானது. 110 என்று கேட்டதற்கு 10 போட்டவருக்குக் கட்டளை பாதியில் நின்றுவிடும்.

அறிகுறி: பிங் போகிறது, புள்ளி இல்லை

களுவாஞ்சிகுடியில் இருந்து வரும் ஒரு பிள்ளை, வகுப்பிலேயே கெட்டிக்காரி, முடிவு பார்த்துவிட்டு நேரே வந்தாள்.

'சேர், எல்லாத்துக்கும் பிங் போகுதே. லூப்பேக்குக்கு ஏன் பூச்சியம்?'

'போகுதுதான் புள்ள. எந்த லூப்பேக்?'

திரையைத் திருப்பிக் காட்டினாள். லூப்பேக் 1. முகவரி சரி, மாஸ்க் சரி, ஓஎஸ்பிஎஃப்பில் விளம்பரமும் சரி. தாளில் இருந்தது லூப்பேக் 0. நான் திருத்துவது ஒரு ஸ்கிரிப்டால்; அது லூப்பேக் 0 இருக்கிறதா என்று கேட்கும், இல்லையென்றால் அடுத்ததுக்குப் போய்விடும். அவளுக்கு அந்த இலக்கம் ஏதோ ஒன்று, ஸ்கிரிப்டுக்கு அது பெயர். ரவுட்டர் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலும், பாஸ்வேர்டில் பூச்சியம் விடுபட்டாலும் இதே கதி. மனிதர் திருத்தினால் ஒருவேளை இரங்குவார். எல்லா இடத்திலும் மனிதர் திருத்துவதில்லை.

இதற்குக் குறுக்குவழி கிடையாது. கடைசி இருபது நிமிடத்தை ஒதுக்கி, தாளில் உள்ள ஒவ்வொரு இலக்கத்தையும் விரலால் தொட்டுக்கொண்டு ஷோ ரன் உடன் ஒத்துப் பார்க்க வேண்டும். வேலை செய்கிறதா என்று அல்ல, எழுதியபடி இருக்கிறதா என்று. அந்தப் பிள்ளை இப்போது வினாவைத் தொட முதலே ஒரு தாளில் கட்டம் கீறி, தன் மேசைக்கு எல்லா முகவரிகளையும் எழுத்தே இல்லாமல் இலக்கமாக நிரப்பிவிடுகிறாள். பத்து நிமிடம் போகிறது. பிறகு அவள் வினாத்தாளின் முதல் பக்கத்துக்குத் திரும்புவதே இல்லை.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது

மாரி காலத்தில் இது எங்கள் அறையில் சாதாரணம். சேமிக்காதவர்களை விடுங்கள், அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சேமித்தவர்களிலும் சிலருக்கு ஓஎஸ்பிஎஃப் ஏரியாக்களை இணைக்கும் விர்ச்சுவல் லிங்க் மட்டும் விழுந்து கிடக்கும். ஒரு வரியையும் தொடவில்லை சேர் என்பார்கள். உண்மைதான்.

நடந்தது இது. 7ஆம் மேசையில் ஆர்1இல் ஓஎஸ்பிஎஃப்பை முதலில் தொடங்கிவிட்டு லூப்பேக்கைப் பிறகு போட்டார். தொடங்கிய நேரத்தில் லூப்பேக் இல்லாததால், ஓஎஸ்பிஎஃப்பில் ரவுட்டரின் அடையாளமான ரவுட்டர் ஐடியாக 10.7.12.1 தெரிவாகிவிட்டது. மறுமுனையில் விர்ச்சுவல் லிங்க் கட்டும்போது அந்த ஐடியைத்தான் கொடுத்தார், வேலையும் செய்தது. கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்பியபோது லூப்பேக் தயாராக இருந்தது. லூப்பேக் இருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை, ஐடி 7.7.1.1 ஆகிவிட்டது. மறுமுனை இன்னும் 10.7.12.1ஐத் தேடிக்கொண்டிருக்கிறது.

ரவுட்டர் ஐடி முகவரி போல உடுத்திய பெயர். அதை ரவுட்டரின் தெரிவுக்கு விடாமல், ஓஎஸ்பிஎஃப்புக்குள் போன முதல் வரியாக ரவுட்டர் ஐடி 7.7.1.1 என்று நீங்களே எழுதுங்கள். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் எழுதியது மட்டும் போதாது. க்ளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் ப்ரோசஸ் அடித்தால்தான் புதிய ஐடி ஏறும். அதன் பிறகு மறுமுனையின் விர்ச்சுவல் லிங்க் வரியை நோ போட்டு எடுத்துவிட்டு, புதிய ஐடியோடு எழுதிச் சேமியுங்கள்.